உட்கார்ந்தபடியே ஊர் சுற்றியவள்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பிறந்தது என் முழங்காலில். முப்பத்தோராண்டு, படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கித் தூக்கி இறக்கியவன் நான். (தூக்கியது மோட்டார். நான் பொத்தானை அழுத்தினேன். தேய்ந்தது என்னவோ என் முட்டிதான்.) ஓய்வு பெற்ற பிறகு, புதன்கிழமைதோறும் என் மகள் ஆஃப்கே வேலைக்குப் போகும்போது அவள் மகள் மிங்கேயைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பொறுப்பு என்பது ஆஃப்கேயின் சொல். எனக்கு வாரத்தில் இருப்பதே அந்த ஒரு நாள்தான்.

தொடக்கம் ஒன்று: ‘ஃப்ரீஸ்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு...’ வேண்டாம். இங்கே மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.

தொடக்கம் இரண்டு: ‘குழந்தை உலகத்தை முதலில் தன் உடம்பால்தான் படிக்கிறது.’ பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. உண்மையாகவும் இருப்பதால் அடிக்காமல் விடுகிறேன்.

தொடக்கம் மூன்று: ‘குற்றவாளி நானே.’

இதுதான் சரி.

2

எங்கள் ஊர்க் கூடங்களில் பிள்ளைக்கென்று மரச்சட்டம் அடித்த கூண்டு ஒன்று நிற்கும். பிள்ளையை அதில் விட்டால் பெரியவர்கள் காபியைச் சூடாகக் குடிக்கலாம். ஆஃப்கேயின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் நான் மிங்கேயை வெளியே எடுத்துத் தரையில் விட்டுவிடுவேன். கூண்டுக்குள் என்ன தெரியும்? விட்டம் தெரியும். தரையிலோ காலுறையின் ருசி தெரியும், மேசைவிரிப்பை இழுத்தால் உலகமே நம்மை நோக்கி வரும் என்பது தெரியும். கரண்டி ஒவ்வொரு முறையும் கீழேதான் விழுகிறதா என்று அவள் நானூறு முறை போட்டுப் பார்த்தாள். (நாற்பது. சரி, பதினொன்று.) நான் இரண்டாவது முறையிலேயே நம்பிவிட்டேன். அவளுக்கு ஆதாரம் போதவில்லை.

பிள்ளை தரையில் இருந்தால் நானும் தரையில் இருக்க வேண்டும். மண்டியிட முடியாது. ஆகவே கையை ஊன்றி, பிட்டத்தைத் தேய்த்து, அவள் பின்னாலேயே போனேன். பத்தாம் மாதம் ஒரு நாள் மிங்கே ஒரு காலை மடக்கி, மறு காலைத் துடுப்பாக்கி, உட்கார்ந்தபடியே கிளம்பினாள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம்.*

இப்படி நகரும் பிள்ளையை எங்கள் பக்கம் ‘பிட்டத்தேய்ப்பி’ என்பார்கள். தாத்தாவிடமிருந்து தொற்றிய பிட்டத்தேய்ப்பி இவள்தான் முதல் என்று நினைக்கிறேன்.

ஆஃப்கேக்குச் சிரிப்பு வரவில்லை.

“எல்லாப் பிள்ளையும் நாலு கால்ல போகுது, இவ மட்டும் ஓடம் ஓட்டறா. நீங்கதாம்பா கத்துக் குடுத்தீங்க.”

“நான் எங்கம்மா கத்துக் குடுத்தேன்? அவளாப் பாத்து...”

“அதைத்தான் சொல்றேன். பொறந்தநாளுக்குள்ள தவழலைன்னா புதன்கிழமையும் காப்பகத்துல விட்டுடறேன். அங்க முட்டி நல்லா இருக்கறவங்க இருக்காங்க.”

[ஆஃப்கே இங்கே கடுமையானவளாக வந்துவிட்டாள். அப்படி இல்லை. குழந்தைநல நிலையத்துச் செவிலி குறிப்பேட்டில் ‘இன்னும் தவழவில்லை’ என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொல்லை அவள் கைப்பையில் வைத்துச் சுமந்துகொண்டிருந்தாள். பயந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் கோபக்காரர்கள் மாதிரி இருப்பார்கள். மேலே திருத்தலாம்தான். சோம்பல். நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.]

* பூனை ஒதுங்கி வழிவிட்டது. அது மட்டும் சத்தியம்.

3

முதல் பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் வட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வருகிறவர் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார். தாய்க்கு வாழ்த்து, தாத்தாவுக்கு வாழ்த்து, ஒன்றுமே செய்யாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாழ்த்து. பிறகு ஒரு காபி, ஒரு துண்டு கேக், மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. இருநூறு பேர் வந்திருந்தார்கள். (ஒன்பது.)

என் அக்கா ஹேஸ்கே, ஒன்பதாம் மாதத்திலேயே தான் ஓடியதாக இன்னும் சொல்லிக்கொள்பவள், மிங்கேயை வட்டத்தின் நடுவில் குப்புறப் போட்டாள்.

“வாடி கண்ணு, நாலு கால்ல எங்கிட்ட வா!”

மிங்கே வீறிட்டாள். புரண்டாள், உட்கார்ந்தாள், துடுப்பைப் போட்டாள்.

“டேய் வீபே, அப்படியே உன் நடை! தரை பெருக்க ஆள் தேடவே வேணாம்.”

“நீ ஓடினதுக்கு யாருக்கா சாட்சி? நான் அப்ப பொறக்கவே இல்லையே.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆஃப்கே மட்டும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மிங்கே வட்டத்தைச் சுற்றி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் காலணி நாடாவை அவிழ்த்துப் பார்த்தாள். நாற்காலிகளுக்கு இடையே புகுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். அங்கே நாலு விரல் உயரத்துக்கு ஒரு வாசற்படிக் கட்டை. ஓடம் தட்டி நின்றது.

அவள் அழவில்லை. கட்டையைத் தட்டினாள். நக்கினாள். பக்கவாட்டில் முட்டினாள். திரும்பி, பின்பக்கத்தை முதலில் ஏற்றப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. இந்த இடத்தில் ஆழமான ஒரு வாக்கியம் வர வேண்டும்: தடுக்கும் கட்டைதான் பிள்ளைக்கு...

விட்டுவிட்டேன். அவள் பின்பக்கம் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

4

முடிவு அ: மிங்கே இரு கையையும் கட்டைமேல் ஊன்றி, முட்டியைத் தூக்கி, தவழ்ந்து தாண்டுகிறாள். ஹேஸ்கே வாயடைத்துப்போகிறாள். (இரண்டாவது பாதியை நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: நேரே எழுந்து நின்று, நடந்துபோய், குளிர்பெட்டியைத் திறந்து, எனக்கு ஒரு பீர் எடுத்து வருகிறாள்.

முடிவு இ, நடந்தது: ஆஃப்கே எழுந்தாள். வட்டத்தில் யாரும் எழாத நேரம். பிள்ளையைத் தூக்கிக் கூண்டில் விடப்போகிறாள், என் புதன்கிழமை போயிற்று என்று நினைத்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். புதுப் பாவாடையோடு. ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, சர் சர்ரென்று தேய்த்து மகளின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, இங்கேருந்து பாத்தா எல்லாரும் வெறும் முழங்காலாத்தான் தெரியறீங்க.”

“என்னோடது அழகா இருக்குமே,” என்றாள் ஹேஸ்கே.

“அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க.”

ஆஃப்கே கட்டைமேல் உள்ளங்கையை வைத்தாள். மிங்கே அதையே பார்த்தாள். பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். திரும்பாமலே என் மகள் சொன்னாள்:

“அப்பா, புதன்கிழமை...”

இங்கே பேனாவை வைக்கிறேன். மீதியை நான் எழுதினால் ஊதிப் பெரிதாக்கிவிட்டேன் என்பீர்கள். இவ்வளவு தூரம் ஊதியவனை யார் நம்புவார்? வாக்கியத்தை நீங்களே முடித்துவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: நாற்காலியில் உட்கார்ந்தபடி முடிக்காதீர்கள். முதலில் தரைக்கு இறங்குங்கள்.