முப்பத்தொரு கிராம்

அக்கா, வெள்ளிக்கிழமை நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கருவி. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், தலைமுடியைவிட மெல்லிய இழையில் ஓர் உலோகத் தட்டு தொங்குகிறது. ஐந்து கிலோ செப்பு உருளை ஒன்றை அருகில் நகர்த்தினால், அதன் ஈர்ப்பால் தட்டு இம்மியளவு திரும்பும். கணக்குக்கு மேல் துளி திரும்பினாலும், இதுவரை யாரும் அறியாத விசை ஒன்று இருக்கக்கூடும். ஆறு வருடமாக அதைத் தேடத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

தேடுவதற்கு முன், கருவி நம்பத்தக்கது என்று காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைச் சோதனையில் தவறினால் அறையைக் காலி செய்யுங்கள் என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

சோதனை இதுதான். உருளையைச் செய்த பட்டறை அண்ணன், அதிலிருந்து கொஞ்சம் செம்பை ரகசியமாகக் குடைந்து எடுப்பார். எவ்வளவு என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். தட்டின் திருப்பத்தை மட்டும் வைத்து நாங்கள் அந்த அளவைச் சொல்ல வேண்டும். உருளையைத் தராசில் வைக்கக்கூடாது. விடை தெரிந்துவிட்டால் கணக்குப் போடுகிறவர் மனம் அந்தப் பக்கம் சாயும் அல்லவா? எட்டு மாதம் தராசு அறைப் பக்கமே உருளையைக் கொண்டுபோகவில்லை.

நான் கணக்கிட்ட விடை முப்பத்தொரு கிராம்.

காலை பத்து மணிக்கு எங்கள் குழுத் தலைவி மேடம் உறையைப் பிரித்தார். நாற்பது.



எங்கள் குழுவில் ஒருவனுக்கு ‘அவசரம்’ என்றே பெயர். அவன் நாற்காலியிலிருந்து துள்ளினான். "ஒன்பது கிராம் அளவுக்குக் கூடுதலா இழுக்குது மேடம்! புது விசைதான்!"

"குதிக்காதே. கருவி தப்பா இருந்தாலும் இதே ஒன்பதுதான் வரும்" என்றார் மேடம். என் பக்கம் திரும்பினார். "கணக்கைச் சரி பார்த்தியாம்மா?"

"மூணு தடவை பார்த்துட்டேன் மேடம்."

பலகை நிரம்பியது. அழித்தோம், மறுபடி நிரம்பியது. கால் மணி நேரம் வாக்குவாதம். கதவோரம் டீ குடித்தபடி நின்ற பட்டறை அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்க. உறையைத்தான் பிரிச்சாச்சே, இனிமே எடை போட்டுப் பாத்தா என்ன?"

மூன்று முனைவர்கள், அக்கா! எட்டு மாதம் ‘தொடாதே, தொடாதே’ என்று இருந்ததில், தராசு என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் உருளையைத் தூக்கிப்போய் வைத்தோம். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது கிராம். ஐயாயிரத்துக்கு முப்பத்தொன்று குறைவு.

"அண்ணே, நாற்பதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"நாற்பதுதாங்க குடைஞ்சேன். சீவலை ஒண்ணு விடாம கூட்டி எடுத்து எடை போட்டேன்."

"அப்போ ஒன்பது கிராம் எப்படித் திரும்பி வந்துச்சு?"

அண்ணன் காதைச் சொறிந்தார். "குடைஞ்சதும் பாத்தேன், அடியில ஓட்டை வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம கையால செஞ்ச சாமான், மனசு கேக்கலை. அதே செம்புல ஒரு மூடி கடைஞ்சு, இறுக்கி அடிச்சு, பாலிஷ் போட்டுட்டேன்."

"அதை ஏன் எழுதலை?"

"எடுத்ததைத்தானே எழுதச் சொன்னீங்க? வெச்சதை யாரு கேட்டா?"

மேடம் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் புது விசை ஒரு மூடியா?" என்று அவசரம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். எனக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் மட்டும் உருளையைக் கவிழ்த்து, விரலால் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கே எங்க அடிச்சேன்னு தெரியலை. தொடாமலே இதைக் கண்டுபிடிச்சிடுச்சா உங்க தட்டு? பொல்லாத தட்டுதான்!"

மேடம் மேலிடத்துக்குப் போன் செய்தார். "ஆமாம் சார், சோதனை முடிஞ்சது. அறை எங்களுக்கு வேணும், திங்கட்கிழமை தேட ஆரம்பிக்கிறோம். இல்லை சார், தப்பு பண்ணது கருவி இல்லை, உறை."

"மேடம், என் பேரைச் சொல்லிடாதீங்க!" என்றார் அண்ணன், டீ டம்ளரோடு கதவுக்குப் பின்னால் நழுவியபடி.