விடை இல்லாத கரை

சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த மண்கரை மழையைத் தாங்குமா என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. ஈரம் ஏற ஏற மண்ணின் குணமே மாறும். மண் மாறினால் நீர் கசிகிற விதமும் மாறும். ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போகும் அந்தச் சமன்பாடுகளுக்கு மென்பொருள் ஒரு விடையை ஊகித்து, திருத்தித் திருத்தித்தான் நெருங்க முடியும்.

அன்று காலை நெருங்கவே இல்லை. கணக்கில் நீர்மட்டத்தைக் கரையின் பாதி உயரத்துக்கு மேல் ஏற்றியதும் பிழை குறைவதற்குப் பதில் எகிறியது.

"பிழை வரம்பைக் கொஞ்சம் தளர்த்திவிடும்மா. சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்குது, அவ்வளவுதான்" என்றார் மேலாளர்.

அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் என்ன மாற்றினாலும் கணக்கு உடைந்தது கரையின் அடிவாரத்தில், அதே இடத்தில்.

"சார், நமக்கு விடை கிடைக்கலைன்னு இல்ல. விடையே கிடையாது. அந்த உயரத்துக்குத் தண்ணி வந்தா கரை நிக்காது."

"இப்ப தண்ணி எங்க இருக்கு?"

"கிட்டத்தட்ட அங்கதான்."

மேலிடத்தில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி அவர் எழுந்து போனார். அவள் காத்திருக்கவில்லை. கரைக்குக் கீழே மண்வாரி ஓட்டிக்கொண்டிருந்த தம்பியைக் கைபேசியில் அழைத்தாள்.

"டேய், எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏறு. கரை போகப்போகுது."

"வீட்டுக் குழாய் ஒழுகறதையே உன் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கல…"

"விளையாடாதடா."

அவள் குரல் அவனை உலுக்கியிருக்க வேண்டும். இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. அவன் யார் யாரையோ ஓடச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"வடிகால் குழாய்க்குள்ள வெல்டர் அண்ணன் இருக்காருக்கா. சொல்லிட்டு வந்துடறேன்."

"அவரை விட்டுட்டு வாடா."

அவன் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் கரை உடைந்தது. மேட்டுக்கு ஏறியவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். குழாய் வாயில் குனிந்து அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைத்தான் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். சேற்றிலிருந்து இருவரையும் பக்கத்துப் பக்கத்தில்தான் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வெல்டரின் மனைவி வீட்டுக்கு வந்தாள். "எங்க வீட்டுக்காரரக் கூப்பிடத்தான் போனாராமேம்மா" என்று வாசலிலேயே நின்றாள். அம்மா நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டாள்.

"தண்ணி கொண்டாடி" என்று உள்ளே இருந்த மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

அடுக்களையில் அவள் செம்பை நிரப்பினாள். அவரை விட்டுட்டு வாடா என்று சொன்னவளுக்கு வாசற்படியைத் தாண்டக் கால் வரவில்லை. அம்மா இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானே எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனாள்.