மண்டபத்துக்கு விடிவு

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு குளக்கரையில் பாழடைந்த மண்டபம். அதன் சுவர் வெடிப்புக்குள் கூகை குஞ்சு பொரித்திருந்தது. மூன்று வெள்ளை முகங்கள் எட்டிப் பார்ப்பதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். குஞ்சுகளை அல்ல, மண்டபத்தை. இப்படியா நம் மண்டபம் கிடக்கிறது என்று அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த வாரமே அந்த ஊர் லிங்கேஷ் போன் செய்தான். "ரசீதாக்கா, உங்க போட்டோவாலதான் மண்டபத்துக்கே விடிவு வந்துச்சு. வந்து பாருங்க."

போனேன். சுவரில் ஒரு வெடிப்பும் இல்லை. சிமெண்ட் பூசி வெள்ளையும் அடித்திருந்தார்கள். கூடு இருந்த இடத்தில் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

"ஏலே, அடைக்கதுக்கு முன்ன உள்ள பாத்தியளா?"

"அதுல என்னக்கா பாக்க? கொத்தனார் ஒரே நாள்ல முடிச்சிட்டாரு."

என் முகம் மாறியதைப் பார்த்து, என்னைச் சமாதானப்படுத்த நினைத்தான் போல.

"கூகை எங்கயும் போகலக்கா. அந்தா, வேம்புல இருக்கு பாருங்க. மூணு நாளா பகல்லயே வருது. வாயில எலியோட இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு போட்டோ எடுங்க."