ஜோயாவின் ஒன்பது ரோஜா

வணக்கம் கண்ணுகளா, எல்லோரும் சௌக்கியமா? முட்டிவலியெல்லாம் தேவலையா? உரால் மலைப்பக்கம் எங்கள் நகரத்துப் பாலே அரங்கில் ஆடும் ஜோயாவின் கதையைக் கேளுங்கள்.

பதினாறு வருடம் கடைசி வரிசை அன்னமாகவே ஆடினாள் ஜோயா. அந்தக் கலைச்சேவையில் அவள் இழந்தது கால்விரல் நகம் மூன்று, கணவன் ஒன்று, அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில், மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்த புண்ணியத்தில், ஒரு தனி நடனம் கிடைத்தது. ரசிகர்கள் பூக்கொடுத்தால்தான் இயக்குநர் மறுபடி ஆடவிடுவார். ஆகவே ஜோயா தானே ஒன்பது ரோஜா வாங்கி, மேடையில் பூ கொடுக்கும் கிளாவாவிடம் ஒப்படைத்தாள். எங்கள் ஊரில் உயிரோடிருப்பவருக்குப் பூ ஒற்றைப்படைதான், இரட்டைப்படை என்றால் அது சவப்பெட்டிக்கு.

"யாரோ ரசிகர் குடுத்ததுன்னு எங்கிட்ட நீட்டுக்கா, மறந்துடாத!"

"இருபது வருஷமா பூ குடுக்கறவளுக்கே பாடமாடி?"

அந்த இருபது வருடப் பழக்கம் வேலையைக் காட்டியது. ஆட்டம் முடிந்து எல்லோரும் வணங்கி நின்றபோது, கிளாவா நேராக நாயகி இன்னெஸ்ஸாவிடம் பூவை நீட்டினாள். அவளும் வழக்கப்படி ஒரு ரோஜாவை உருவி, மகாராணி பிச்சை போடுவதுபோல ஜோயாவிடம் கொடுத்தாள்.

ஜோயா முழங்கால் மடக்கி நன்றி தெரிவித்தாள். நிமிரும்போது, இன்னெஸ்ஸா நெஞ்சோடு அணைத்திருந்த மிச்சப் பூக்களை எண்ணினாள். எட்டு!

ஜோயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஒருத்தரும் பூக்குடுக்கல, ஆனாலும் என்னமா சிரிக்கிற! நாளைக்கும் நீயே ஆடும்மா," என்றார் இயக்குநர்.

நீங்கள் வாங்கியதையே உங்களுக்கு யாராவது தானம் செய்ததுண்டா? எனக்கு எழுதுங்கள்.