திமிசு போட்ட டைல்ஸ்

என் இடுப்பு சிமென்ட் மூட்டை தூக்க மறுத்த வருடம், சைட் சூப்பர்வைசர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"எழுதப் படிக்கத்தான் கத்துக்கிட்டியே. அடுத்த மாசத்துல இருந்து ஸ்டோர் சாவி உனக்குத்தான்."

உட்கார்ந்து பார்க்கும் வேலை. அந்த நினைப்பிலேயே பாதி நிமிர்ந்துவிட்டேன்.

டைல்ஸ் ஒட்டுகிறவன் என் மச்சான். ஓரத்துக்கு நாலு விரல் துண்டு வேண்டுமென்றாலும் முழு டைல்ஸைத்தான் அறுப்பான். மீதி ஜன்னல் வழியே பறக்கும். ஒட்டிய பரப்புக்குத்தான் கூலி. துண்டு தேடும் நேரத்துக்குக் கூலி யார் தருவார்கள்?

பறக்குமுன் நான் வாங்கிக்கொண்டேன். படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி, அளவையும் பெட்டியிலிருந்த லாட் நம்பரையும் சாக்பீஸால் எழுதினேன். லாட் மாறினால் நிறம் மாறும்.

"என்ன மாமா, குப்பைக்குப் பேரு வைக்கிறீங்களா?"

"நீயே ஒருநாள் வந்து கேப்ப."

"கேட்டா மீசையை எடுத்துடறேன்."

பொருள் வீணாவதைக் குறைத்திருக்கிறோமா என்று பார்க்கக் கம்பெனியின் பெரியவர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. சூப்பர்வைசர் படிக்கட்டடியில் வந்து நின்றார்.

"ஒரு துண்டு கண்ணுல படக்கூடாது."

"சார், ஓரத்துக்கு ஆகும். வகை வகையா வச்சிருக்கேன்."

"வாத்தியாரே, அவங்க குவியலப் பாப்பாங்களா, உன் கையெழுத்தப் பாப்பாங்களா? சாவி வேணுமா, வேணாமா?"

வேண்டும். நானே சுமந்துபோய்ப் பின்பக்கக் குழியில் கொட்டினேன். மண் தள்ளி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்துத் தரையை இறுக்கினோம். வந்தவர்கள் அதன்மேல் நின்று, "சுத்தமான சைட்" என்றார்கள்.

பத்து நாளில், கடைசி ஹாலுக்கு ஓரத் துண்டுகள் குறைந்தன. கடையில் அந்த லாட் தீர்ந்திருந்தது. புதிய லாட்டை வாங்கி ஓரத்தில் ஒட்டினால், மஞ்சளடித்தது. வீட்டுக்காரர் ஒரே பார்வைதான் பார்த்தார்: "மொத்தத்தையும் பேத்துடுங்க."

மச்சான் என்னிடம் வந்தான். "மாமா... அந்தத் துண்டெல்லாம்?"

மீசைப் பேச்சை நான் எடுக்கவில்லை. குழியைத் தோண்டினோம். கட்டைவிரலை விடப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆபீசில் கம்பெனிப் பெரியவரிடம் சூப்பர்வைசர் சொன்னது எனக்கும் கேட்டது: "துண்டையெல்லாம் இவன் பொறுப்புலதான் விட்டிருந்தேன். பத்திரமா வைக்கத் தெரியல சார்."

சாவி அவருடைய மச்சானுக்குப் போனது. எனக்கும் மச்சான் இருக்கிறான். அவன் ஒட்டியதை அவனே உடைக்கிறான், நான் கூடையில் அள்ளி மூன்று மாடி இறங்குகிறேன்.

முதல் கூடையோடு நின்று, எங்கே கொட்டுவது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அதான் குழி தோண்டி வச்சிருக்கியே" என்றார்.