ஷெட்டு வந்துருச்சு

என் மாமனார் காத்தமுத்து, திண்டுக்கல்–நிலக்கோட்டை பஸ்ஸில் இருபத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர். அறுபத்திரண்டில் அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. தான் ஓய்வு பெற்றது மறந்தது. நான் மருமகள் என்பதும் மறந்தது. விடிந்தால் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். சோறு வைத்தால், "டூட்டியில சாப்புடக் கூடாது" என்று தட்டைத் தள்ளுவார்.

"வேலையெல்லாம் போயி நாலு வருசமாச்சு மாமா!" என்று தெருவே கேட்கக் கத்துவேன். அவர் முகம் சுருங்கிப்போகும்.

ஒரு மத்தியானம், அந்த பஸ்ஸின் இப்போதைய கண்டக்டர் மரியசெல்வம் அவரைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, டூட்டி முடிஞ்சுது, பஸ் ஷெட்டு வந்துருச்சு. எறங்கிச் சாப்புடுங்க" என்றார்.

மாமா தோளில் இல்லாத பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"அவரு சொல்றத இல்லேன்னு சொல்லாதீக தங்கச்சி. நீங்களும் அந்த பஸ்ல ஏறிக்கங்க" என்று சொல்லிவிட்டு மரியசெல்வம் போனார். அதற்கப்புறம் தினமும் நானே ஷெட்டு வந்ததைச் சொன்னேன். தட்டு காலியானது.

ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தேன். பெஞ்சில் இருந்த மாமா என்னை யாரோ போலப் பார்த்தார்.

"கைப்புள்ளக்காரி நிக்குது, எடம் விடுங்கப்பா!" என்று வெறும் வீட்டைப் பார்த்து அதட்டினார். யாரும் எழவில்லை என்று அவரே எழுந்து நின்றார்.

மரியசெல்வம் மட்டும் அந்த மத்தியானம் வராமல் இருந்திருந்தால், 'இது பஸ் இல்லை, வீடு' என்று இப்போதும் கத்தியிருப்பேன்.

"ரொம்ப நன்றிங்க கண்டக்டர்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.