கொய்யா இலைப் புகை

எழுதத் துணிந்தமைக்கு முதலிலேயே பொறுத்தருள வேண்டுகிறேன். நான் எழுத்தாளர் அல்லேன். நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒரு பக்கமும் எழுதி அச்சுக்குக் கொடுத்ததில்லை. ஆயினும், சென்ற சித்திரை விடுமுறையில் எங்கள் ஆற்றோரத்தில் நடந்ததைத் தோட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருகிறார்கள். சொல்பவர்களில் பலர் அங்கே இருக்கவில்லை. நான் இருந்தேன். அந்த ஒரு தகுதியைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் கணவர் கிறிஸ்டியன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். மாலை வேளைகளில் புல்வெளியில் அடுப்பு வைத்து, விருந்தினர் கண்ணெதிரே இறைச்சி வாட்டிக் கொடுக்கும் பார்பிகியூ வேலை. அவருடைய அக்கா யூஜினா எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவரை நான் அண்ணி என்றே அழைப்பேன். நாங்கள் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான், வசிக்கிறோம்.

அண்ணியைப் பற்றி ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவரைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுவிடும் நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். அனுப்பும்போது வைத்தியர் என்னைத் தனியாக அழைத்து, "அடுத்த முறை ஒரு கொட்டே போதும். தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்" என்றார். அன்றிலிருந்து அண்ணி காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் வாசலில் நின்று அவர் மறையும் வரை பார்ப்பேன். சன்னலில் ஒரு வண்டு முட்டினாலும் எழுந்து நின்றுவிடுவேன். அண்ணி சிரிப்பார்.

"டீச்சரம்மா, குளவிக்கு என் பேரா தெரியும்? என்னையத் தேடிக்கிட்டா வரப்போகுது?"

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது குளவிக்கூடு கண்ணில் பட்டால், கங்காணி வீரய்யா அண்ணன் அந்த மரத்தின் அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். துணியைக் கண்டவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போக நேர்ந்தாலும் உரத்துப் பேசுவதில்லை. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அண்ணிதான்.

விடுமுறைக்கு வந்திருந்த என் கணவர் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "இண்டைக்கு அக்காவுக்கு நான் சமைக்கிறேன்" என்றார். கொழும்பில் பழகிய பேச்சு அவர் நாவில் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். ஆற்றோரத்தில், தேயிலை மலை முடியும் இடத்தில், தேயிலைக்கு நிழலாக நட்ட ஒரு பெரிய சபுக்கு மரமும் அதன் கீழே சிறிது சமதரையும் உண்டு. அங்கே அடுப்பு வைப்பதென முடிவாயிற்று. அவருடைய சிநேகிதர் துஷாந்த் நோர்வூட் நகரத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். பாதியாக அறுத்த தகரப் பீப்பாய், இரும்பு வலை, சிரட்டைக் கரி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னதாகவே போய்விட்டார். நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது கரி பற்றிக்கொண்டிருந்தது. வீரய்யா அண்ணனின் நாய் எப்படியோ மணம் பிடித்து எங்களுக்கு முன்பே அங்கே படுத்திருந்தது.

எனக்கு நெருப்பும் பயம். தள்ளியே நின்றேன். ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலையிலேயே கோழித் துண்டுகளில் ஆழமாகக் கீறி, தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், தேசிக்காய்ச் சாறு சேர்த்துப் பிசைந்து ஊறவைத்திருந்தார். கரி செந்தணலாகி, மேலே வெண்சாம்பல் படியும் வரை ஒரு துண்டையும் வலையில் வைக்க விடவில்லை. பிறகு தணலைப் பீப்பாயின் ஒரு பக்கமாக ஒதுக்கினார். உள்ளங்கையை வலைக்கு மேலே பிடித்து, சூடு பொறுக்காமல் எடுக்கும் வரை மனத்துக்குள் எண்ணினார்.

"எதுக்குடா ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் வெறும் தகரம்?" என்று அண்ணி கேட்டார். சபுக்கு மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்திருந்தார்.

"தொடைக்கறி தடிப்பா இருக்குக்கா. நேரா நெருப்புல வச்சா மேல கருகும், உள்ள ரத்தம் இருக்கும். மொதல்ல இந்த ஓரத்துல மெதுவா வேகட்டும். கடைசியா அந்தப் பக்கம் காட்டி எடுப்போம்."

"நாங்க கொழம்பு வச்சிருந்தா இந்நேரம் தின்னுட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்போம்."

துஷாந்த் சிரித்தார். "மச்சான், ஹோட்டல்ல வெள்ளக்காரன் பொறுமையா இருப்பான். ஒங்க அக்கா இருக்க மாட்டாங்க."

ஒரு துண்டு வலையில் ஒட்டிக்கொண்டது. துஷாந்த் இடுக்கியால் அதைப் பிய்க்கப் போனார். "விடு, இழுக்காத" என்று என் கணவர் தடுத்தார். "பக்குவம் வந்தா அதுவே வலைய விட்டுரும். நாம அவசரப்பட்டாத் தோல் கிழிஞ்சிரும்." சிறிது நேரத்தில் அவர் சொன்னபடியே அது தானாக விட்டது. கொழுப்புச் சொட்டித் தணலில் விழ, சுர்ரென்ற ஓசையும் மணமும் எழுந்தன. திறந்த வெளியில், ஆற்றின் இரைச்சலுக்குப் பக்கத்தில் எழும் அந்த மணம் வீட்டுச் சமையலறையில் ஒருபோதும் வராது. அந்தச் சில நிமிடங்கள் நான் பயத்தை மறந்திருந்தேன் என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும்.

"இப்பதான் முக்கியமான வேல" என்று கூறி, ஆற்றோரத்துக் கொய்யா மரத்திலிருந்து ஒடித்து வாளித் தண்ணீரில் போட்டிருந்த இலைக்கொத்துகளை எடுத்தார். தணலின் மேல் ஒரு கொத்தைப் பரப்பினார். வெண்ணிறப் புகை கட்டியாக எழுந்தது. அந்தப் புகைதான் இறைச்சிக்கு வாசம் கொடுக்கும் என்றார். அன்று காற்று துளியும் இல்லை. புகை பக்கவாட்டில் கலையாமல் நேராக மேலே போய்ச் சபுக்கு மரத்தின் இலைகளுக்குள் நுழைந்தது.

அப்போதுதான் துஷாந்தின் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தேன். அதன் பிடியில் சிவப்பாக ஒரு துணி சுற்றப்பட்டிருந்தது.

"தம்பி, அந்தத் துணி எங்க எடுத்தீங்க?"

"இதா டீச்சர்? மரத்துல சும்மா கட்டியிருந்துச்சு. புடி சுடுதுன்னு சுத்திக்கிட்டேன். ஏன், ஒங்களோடதா?"

அவர் நகரத்துப் பிள்ளை. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதல்நாள் மாலைதான் வீரய்யா அண்ணன் அதைக் கட்டினார் என்பதும், அன்று விடியலிலேயே ஒரு கலியாணத்துக்காக ஹட்டனுக்குப் போய்விட்டார் என்பதும் பின்னர் அறிந்தவை.

கத்தக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. என் கணவரின் முழங்கையைத் தொட்டு, "என்னங்க, அந்தச் சிவப்புத் துணி" என்றேன். அவர் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். தலையை மெதுவாக உயர்த்திப் பார்த்தார். நானும் பார்த்தேன். புகைக்கு நடுவே, உயர்ந்த கிளையொன்றில், சாம்பல் நிறத்தில் ஒரு பானையைப் போல் அது தொங்கியது. அதன் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தது. நேர் கீழே அண்ணி அமர்ந்திருந்தார்.

"அக்கா, பேசாம எந்திரிச்சு என்கிட்ட வாங்க. மெதுவா."

"ஏன், மாதா காட்சி குடுக்குறாங்களா?"

"அக்கா, சொன்னாக் கேளுங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்தார். அதே கணத்தில் நாய் குரைத்துக்கொண்டு துள்ளி ஓடியது. துஷாந்த் மேலே பார்த்தார். இடுக்கியை எறிந்துவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடினார். குளவிகள் இறங்கின.

அந்த ஓசையை எழுத எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்.

நானும் ஓடியிருப்பேன். என் கால்கள் திரும்பியும் விட்டன. என் கணவர் என் கையைப் பிடித்து அடுப்பின் பக்கம் இழுத்தார். "ஓடுனா வெரட்டும். புகைக்குள்ள வாங்க ரெண்டு பேரும்." அண்ணி அமர்ந்திருந்த சாக்கை வாளியில் அமிழ்த்தி எடுத்து எங்கள் இருவர் மீதும் போர்த்தினார். பீப்பாயை ஒட்டி எங்களைக் குந்தவைத்தார். வலையை இறைச்சியோடு உதைத்துத் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த இலை முழுவதையும் தணலில் கொட்டினார். புகை எங்களை மூடியது.

சாக்குக்குள்ளே இருள். கண்கள் எரிந்தன. அண்ணி இருமத் தொடங்கினார். அவர் கையில் ஏற்கெனவே ஒன்று கொட்டியிருந்தது. மணிக்கட்டு என் விரல்களுக்குள்ளேயே வீங்குவதை உணர்ந்தேன். வெளியே போனால் குளவி. உள்ளே இருந்தால் புகை. அவருடைய ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று வந்ததும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

"டோரீன், அக்கா மொகத்தத் தரையோட தரையா வச்சுக்கச் சொல்லு" என்று வெளியிலிருந்து என் பெயரைச் சொல்லி அவர் குரல் வந்தது. "புகை மேலதான் போகும். அடியில காத்து இருக்கும்."

அண்ணியின் தலையைப் புல்லோடு அழுத்தினேன். சாக்கின் ஓரம் சிறிது தூக்கியிருந்தது. அதன் வழியே என் கணவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவர் நின்றுகொண்டிருந்தார். இலை போடுவதற்கு ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

"நீங்களும் உள்ள வாங்க."

"இந்தா வர்றேன். இலை எரிஞ்சிறக் கூடாது. ஈரமா இருந்தாத்தான் புகை கட்டியா வரும். நெருப்பு மேல வந்துச்சுன்னாப் புகை போயிரும், தண்ணி தெளிக்கணும்." ஹோட்டலில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போல நிதானமாகப் பேசினார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருந்தேன். இடையிடையே குரல் நிற்கும். பிறகு தொடரும். ஒரு முறை வலது பாதம் இடது பாதத்தைத் தேய்த்தது. ஒரு செருப்பு கழன்றது. பாதங்கள் நகரவில்லை.

"அக்கா மூச்சு விடுறாங்களா?"

"விடுறாங்க."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஓசை குறைந்தது. அவர் சாக்கை நீக்கி அண்ணியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். மழைநீர் ஓடும் கான் வழியே குனிந்து நடந்து பாதைக்கு வந்தோம். ஆற்றில் மூழ்கிக் கிடந்து தப்பிய துஷாந்த், நனைந்த உடையோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு காது வீங்கியிருந்தது. அவர் அழுதுகொண்டே ஓட்டினார். அண்ணியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என் பார்வை அந்த உதடுகளை விட்டு அகலவில்லை. என் கணவர் எனக்கு மறுபுறம், தலையில் துவாயைப் போர்த்தபடி அமர்ந்திருந்தார். இரண்டு முறை கேட்டேன். "எனக்கொண்ணுமில்ல, அக்காவப் பாரு" என்றார்.

வைத்தியசாலையில் அண்ணியை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள், முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். சிறிது நேரத்தில் வைத்தியர் வெளியே வந்து, பயப்பட வேண்டாம், தக்க நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நான் கைகூப்பினேன். பிறகு அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்த மர வாங்கில் இருப்பவர் யார்?"

திரும்பினேன். துவாய் நழுவியிருந்தது. அந்த முகத்தை நான் அடையாளம் காண ஒரு கணம் ஆயிற்று. நெற்றியிலும் கழுத்திலும் கைகளிலும் கொட்டாத இடம் இருக்கவில்லை.

"அக்கா?" என்றார்.

"நல்லா இருக்காங்க. மூச்சு விடுறாங்க."

அவர் தலையசைத்தார். எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை. நோயாளியைக் கிடத்தும் தள்ளுவண்டில் கொண்டுவந்தார்கள். மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன்னர், சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதாகக் கூறிய அதே வைத்தியர், வேறொன்றையும் கூறினார்.

துஷாந்த் தம்பியை எவரும் குறைகூற வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அது கைச்சூட்டுக்கு எடுத்த துணி. என் கணவர் நகரத்துப் பழக்கத்தைக் கொண்டுவந்து அழிந்தார் என்று சொல்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்தப் புகை இல்லாதிருந்தால் இதை எழுத நானும், வாசித்துக் கேட்க அண்ணியும் இருந்திருக்க மாட்டோம். அந்தப் புகை எழாதிருந்தால் குளவிகளும் இறங்கியிருக்கமாட்டா என்பதையும் நான் அறிவேன். இரண்டில் எதை நினைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இழந்தவை: காலையிலிருந்து ஊறவைத்த கோழி இறைச்சி முழுவதும். வீரய்யா அண்ணனின் நாய். அண்ணியின் கொழுந்து வேலை. இனி மலைக்குப் போகக்கூடாதென வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். சபுக்கு மரம், தோட்டத்தார் வெட்டிவிட்டார்கள். துஷாந்த் தம்பி எங்கள் லயத்துக்கு வந்து போவது. என் கணவர் கிறிஸ்டியன், வயது முப்பத்து நான்கு. அவருடைய இடது காற்செருப்பு. சிவப்புத் துணி.

இடுக்கி புல்லுக்குள் கிடைத்தது. அதன் பிடியில் துணி இருக்கவில்லை.